ஆன்லைனில் பெயர் வரவில்லையா? மேற்கு டெக்சாஸ் கவுண்டிகளில் கைது, கோர்ட் ஆவணங்களைத் தேடி எடுக்கும் வழி

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் டாலஸிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் காரில் போகும்போது, மேற்கு டெக்சாஸில் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் உங்கள் கணவரை நிறுத்திக் கைது செய்தார்கள். ஒரு ராத்திரி லாக்கப், மறுநாள் ஜாமீன், சில மாதம் கழித்து கேஸ் தள்ளுபடி. இப்போது குடியுரிமைக்கு என்-400 என்ற விண்ணப்பப் படிவம் போட வேண்டும். கைது அறிக்கையும் கோர்ட்டின் முடிவும் சர்டிஃபைடு காப்பியாக (முத்திரையிட்ட நகலாக) வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கையில் ஒரு தாளும் இல்லை, எந்தக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்பதும் நினைவில்லை. இணையத்தில் தேடினால் காசு கேட்கும் தளங்கள்தான் வருகின்றன.

நான் வக்கீல் இல்லை. வக்கீல் அலுவலகங்களுக்காக இந்த மாதிரித் தாள்களைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலையை டெக்சாஸில் நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: கிராமப்புறக் கவுண்டியில் தேட வேண்டிய இடம் கம்ப்யூட்டர் இல்லை, கோர்ட் தாள்களை வைத்திருக்கும் அதிகாரியான கிளார்க்கின் மேஜை. யாரிடம், எந்தப் பெயரில், எந்தத் தாளைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனைப் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

காசு கேட்கும் அந்தத் தளங்களை முதலில் மூடிவிடுங்கள். அங்கங்கே மொத்தமாக வாங்கிய பழைய தகவலை அவர்கள் திரும்ப விற்கிறார்கள். சின்னக் கவுண்டிகளின் பதிவுகள் பெரும்பாலும் அதில் இருக்காது. இருந்தாலும் அந்தத் தாளில் கோர்ட் முத்திரை கிடையாது, குடியேற்ற அதிகாரி அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்.

அரசுத் தளத்திலும் ஏன் வரவில்லை என்றால், டி.பி.எஸ். என்கிற மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் குற்றப்பதிவுத் தளத்தில் பொதுமக்களுக்குத் தெரிவது தண்டனையான கேஸ்களும் 'டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்' (தீர்ப்பைத் தள்ளிவைத்து நன்னடத்தைக் காலம் கொடுப்பது) ஆன கேஸ்களும் மட்டுமே. தேடலுக்கு ஒரு டாலர் அளவில்தான் செலவு, ஆனால் தள்ளுபடியான கேஸ் அதில் தென்படாது. ரீ-சர்ச் டி.எக்ஸ். என்ற மாநிலக் கோர்ட் தளம் இ-ஃபைலிங்கோடு சேர்ந்தது. பதிவு செய்துவிட்டுத் தேடிப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் ஹாரிஸ், டாலஸ் மாதிரி பெரிய கவுண்டிகளில் பெயரைத் தட்டினதும் கேஸ் வந்து விழுவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

சரி, எந்தக் கவுண்டி? டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. 2020 கணக்கெடுப்பில் லவ்விங் கவுண்டியில் இருந்தவர்கள் மொத்தமே 64 பேர். பிக் பெண்ட் இருக்கும் ப்ரூஸ்டர் கவுண்டி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பரப்பில் பெரியது, மக்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. அந்தப் பக்கம் ஒரு நாள் கார் ஓட்டினால் ஐந்தாறு கவுண்டி எல்லைகளைத் தாண்டியிருப்பீர்கள். பெயர்களும் குழப்பும். பெக்கோஸ் என்ற ஊர் பெக்கோஸ் கவுண்டியில் இல்லை, ரீவ்ஸ் கவுண்டியின் தலைமையிடம் அது. பெக்கோஸ் கவுண்டியின் தலைமையிடம் ஃபோர்ட் ஸ்டாக்டன். ப்ரெசிடியோ கவுண்டிக்குத் தலைமையிடம் ப்ரெசிடியோ அல்ல, மார்ஃபா. ஆஸ்டின் நகரம் ஆஸ்டின் கவுண்டியில் இல்லை, ஹூஸ்டன் நகரம் ஹூஸ்டன் கவுண்டியிலும் இல்லை. "பெக்கோஸில் பிடித்தார்கள்" என்று உங்கள் கணவர் சொன்னால் அது ஊரா கவுண்டியா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேளுங்கள்.

நினைவுக்கு வராவிட்டால் அந்த மாதத்து வங்கி, கிரெடிட் கார்டு கணக்கை எடுத்துப் பாருங்கள். ஜாமீன் கட்டிய பெயில் பாண்ட் கடை, காரை இழுத்துப்போன டோயிங் கம்பெனி, அன்று தங்கிய மோட்டல், இவற்றில் ஏதாவது ஒன்று ஊரைக் காட்டிக் கொடுக்கும். கேஸ் நடந்தபோது வக்கீல் வைத்திருந்தீர்கள் என்றால் அவருக்குத்தான் முதல் போன்.

இதைவிட உறுதியான வழி எஃப்.பி.ஐ.தான். அங்கே தன் பேரில் இருக்கும் பதிவின் சுருக்கத்தை யார் வேண்டுமானாலும் 18 டாலர் கட்டி, விரல் ரேகை கொடுத்து வாங்கலாம். ரேகையை இந்த வசதி உள்ள தபால் அலுவலகங்களிலேயே தனிக் கட்டணத்துக்கு எடுக்கிறார்கள். எந்த ஏஜென்சி, எந்தத் தேதியில், எந்தக் குற்றச்சாட்டில் கைது செய்தது என்பது அதில் இருக்கும். கேஸ் என்ன ஆனது என்ற கட்டம் பல சமயம் காலியாக இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். குடியேற்றத் துறையும் பயோமெட்ரிக்ஸ் எடுத்து எஃப்.பி.ஐ. பதிவைத்தான் பார்க்கப் போகிறது. அவர்கள் பார்க்கப் போவதை நீங்கள் முன்னாலேயே பார்த்துவிடுவது நல்லது.

கவுண்டி தெரிந்த பிறகு, எந்த அலுவலகம் என்ற கேள்வி. பலர் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கைது செய்தவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். ஷெரிஃபின் (கவுண்டி போலீஸ் தலைவரின்) டெபுடியாக இருக்கலாம், நெடுஞ்சாலையில் டி.பி.எஸ். ட்ரூப்பராக (மாநிலக் காவலராக) இருக்கலாம், ஊர் போலீஸாக இருக்கலாம். கைது அறிக்கை அந்தத் துறையிடம் இருக்கும். யார் பிடித்தாலும் கொண்டுபோய் அடைப்பது வழக்கமாகக் கவுண்டி ஜெயிலில். புக்கிங் பதிவு, போட்டோ, விடுவித்த தேதி எல்லாம் ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் அலுவலகத்தில். சொந்த ஜெயில் இல்லாத கவுண்டிகளும் உண்டு, அவர்கள் பக்கத்துக் கவுண்டிக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் ஜெயில் இருந்த ஊரை வைத்துக் கேஸ் நடந்த ஊரைத் தீர்மானிக்காதீர்கள்.

கைதானவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். கிராமப்புறத்தில் அந்த மாஜிஸ்ட்ரேட் பெரும்பாலும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ், சுருக்கமாக ஜே.பி. ஜாமீன் தொகையை எழுதுவது அவர். அபராதத்தோடு முடிகிற கிளாஸ் சி கேஸ்கள் கடைசி வரை ஜே.பி. கோர்ட்டிலோ ஊரின் முனிசிபல் கோர்ட்டிலோதான் இருக்கும். கிளாஸ் ஏ, கிளாஸ் பி மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) என்றால் கவுண்டி கோர்ட், அந்தத் தாள் கவுண்டி கிளார்க்கிடம். ஃபெலனி (பெரிய குற்றம்) என்றால் டிஸ்ட்ரிக்ட் கோர்ட், தாள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம்.

உங்கள் கணவருக்குக் குற்றச்சாட்டு என்ன என்பதே மங்கலாக இருக்கிறது, "ஏதோ போதைப் பொருள்" என்கிறீர்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. டெக்சாஸில் இரண்டு அவுன்ஸுக்குக் குறைவான கஞ்சா இலை கிளாஸ் பி மிஸ்டிமீனர்தான். அதே கஞ்சாவின் சத்து கலந்த மிட்டாயோ வேப் எண்ணெயோ என்றால் துளி அளவு இருந்தாலும் ஃபெலனி. இலை என்றால் கவுண்டி கிளார்க், மிட்டாய் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். ஒருவர் "எங்களிடம் இல்லை" என்றால் அவர் தன் அலமாரியை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார், அவ்வளவுதான். அடுத்தவரிடமும் கேளுங்கள். மக்கள் தொகை 8,000-க்குக் குறைந்த கவுண்டிகளில் இரண்டு பதவிக்கும் ஒரே கிளார்க் இருக்கலாம் என்று மாநில அரசியல் சட்டமே சொல்கிறது. ஜெஃப் டேவிஸ், கல்பர்சன், ஹட்ஸ்பெத், ப்ரெசிடியோ எல்லாம் அப்படித்தான், அங்கே இந்த அலைச்சல் மிச்சம். ப்ரூஸ்டரில் இரண்டு பேர். இந்த ஐந்து கவுண்டிக்கும் 394-வது டிஸ்ட்ரிக்ட் கோர்ட் பொது, ஆனால் நீதிபதி பொது என்பதால் தாளும் பொது ஆகிவிடாது. ஒவ்வொரு கவுண்டியின் கேஸும் அந்தந்தத் தலைமையிடத்திலேயே இருக்கும்.

ஐ-10 நெடுஞ்சாலையில் எல் பாஸோவிலிருந்து கிழக்கே வந்தீர்கள் என்றால் சியெரா ப்ளாங்கா செக்போஸ்ட்டைக் கடந்திருப்பீர்கள். பாடகர் வில்லி நெல்சன் 2010-இல் அங்கே மாட்டியவர்தான். செக்போஸ்ட் மத்திய அரசின் பார்டர் பேட்ரோலுடையது என்றாலும், சின்ன அளவு போதைப் பொருள் கேஸ்களை ஹட்ஸ்பெத் கவுண்டி ஷெரிஃபிடம் ஒப்படைத்த காலம் உண்டு. ஆகவே சீருடையை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். பூங்கா எல்லைக்குள்ளேயே நடந்திருந்தால் கதை வேறு. அது மத்திய அரசு நிலம், கேஸ் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகும். அதற்கு பேஸர் என்ற தளம் இருக்கிறது: பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் பார்த்தால் கட்டணமே இல்லை. பூங்கா ரேஞ்சர் எழுதிய சின்ன டிக்கெட் என்றால் அவற்றைக் கவனிக்கும் மத்திய அலுவலகமான சென்ட்ரல் வயலேஷன்ஸ் பீரோவிடம் கேட்க வேண்டியிருக்கும்.

இப்போது போன். திங்கள் காலையைத் தவிருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகத்தையே சாத்திவிட்டுப் போகும் ஊர்கள் உண்டு. ஹட்ஸ்பெத்தும் எல் பாஸோவும் மலை நேரத்தில் ஓடுகின்றன, டாலஸைவிட ஒரு மணி நேரம் பின்னால். எடுத்த எடுப்பில் கதை முழுவதையும் சொல்லாமல், "சர்டிஃபைடு டிஸ்போசிஷன் ஒன்று வேண்டும், குடியேற்ற விண்ணப்பத்துக்கு" என்று ஆரம்பியுங்கள். டிஸ்போசிஷன் என்றால் கேஸ் எப்படி முடிந்தது என்று காட்டும் தாள். கிளார்க்குகளுக்குப் பழக்கமான கோரிக்கை இது. பேசுகிறவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் அலுவலகத்தில் அடுத்த முறை அதே குரல்தான் எடுக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

கிளார்க் தேடிவிட்டு "அப்படி ஒரு பெயரே இல்லை" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். நம் பெயர்கள் அந்த ஊர் கம்ப்யூட்டரில் எப்படி ஏறியிருக்கும் என்று யோசியுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், ஷெரிஃப் அலுவலகத்தில் அதையே முதல் பெயராகப் போட்டிருப்பார்கள். ஒற்றைப் பெயரோடு விசா வாங்கியவர்களுக்கு முதல் பெயர் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியாது) என்று பதிவாகியிருக்கும். கார்த்திகேயன் என்பதில் எச் விட்டுப்போயிருக்கும். நீளமான பெயர் கட்டத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். எல்லா மாற்றங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடச் சொல்லுங்கள். பெயரை விட்டுவிட்டுக் கைதான தேதியை வைத்து அந்த வாரத்துப் பதிவுகளைப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. ஆயிரம், இரண்டாயிரம் பேர் உள்ள கவுண்டியில் ஒரு வாரத்தில் ஒரு தமிழ்ப் பெயர் என்றால் கிளார்க்கின் கண்ணில் படாமல் போகாது.

கேஸ் கிடைத்ததும் கேட்க வேண்டியவை: குற்றச்சாட்டுத் தாள் (மிஸ்டிமீனர் என்றால் கம்ப்ளெயின்டும் இன்ஃபர்மேஷனும், ஃபெலனி என்றால் இன்டைட்மென்ட்), தள்ளுபடி உத்தரவு, டாக்கெட் ஷீட் (கேஸில் நடந்தவற்றின் பட்டியல்). எல்லாம் சர்டிஃபைடு. காப்பிக்குப் பக்கத்துக்கு ஒரு டாலர், சர்டிஃபை செய்ய அதற்கு மேல் கொஞ்சம். கார்டு வாங்காத அலுவலகங்களுக்கு மணி ஆர்டரும், தபால் தலை ஒட்டி உங்கள் விலாசம் எழுதிய உறையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். இரண்டு செட் வாங்குங்கள், ஒன்றை யாருக்கும் கொடுக்காமல் வீட்டில் வையுங்கள்.

கோர்ட்டில் கேஸே பதிவாகாமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஊரில் நாம் 'தள்ளுபடி' என்று சொல்வது சில சமயம், அரசு வக்கீல் குற்றச்சாட்டே தாக்கல் செய்யாமல் விட்டதாக இருக்கும். குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி 'நோ பில்' (வேண்டாம் என்ற முடிவு) கொடுத்ததாகவும் இருக்கும். அப்போது கிளார்க்கிடம் கேஸ் நம்பர் இருக்காது. "தேடினோம், கேஸ் எதுவும் இல்லை" என்று அவரிடம் சர்டிஃபைடு கடிதம் வாங்குங்கள். மிஸ்டிமீனருக்குக் கவுண்டி அட்டர்னி, ஃபெலனிக்கு டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, இவர்களில் உரியவரிடமோ கைது செய்த துறையிடமோ "குற்றச்சாட்டு தாக்கல் செய்யப்படவில்லை" என்று இன்னொரு கடிதம். இந்த இரண்டும் இருந்தால் நீங்கள் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கைது அறிக்கைக்குப் பாதை வேறு. டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டம் போலீஸ், ஷெரிஃப் போன்ற நிர்வாகத் துறைகளுக்குப் பொருந்தும், கோர்ட்டுகளுக்குப் பொருந்தாது. கோர்ட் கிளார்க்கிடம் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், அங்கே சும்மா வாயால் கேட்டாலே போதும். ஷெரிஃபுக்கோ டி.பி.எஸ்.ஸுக்கோ எழுத்தில் விண்ணப்பியுங்கள், மின்னஞ்சல் போதும். தர மறுக்க நினைத்தால் பத்து வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலின் முடிவைக் கேட்க வேண்டும். தண்டனையில் முடியாத கேஸின் முழு அறிக்கையைத் தராமல் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதுவும் தன் சொந்த அறிக்கையைக் கேட்பவருக்கும்கூட. ஆனால் கைதின் அடிப்படைத் தகவலை, அதாவது யார், எப்போது, எங்கே, எந்தக் குற்றச்சாட்டு என்பதை மறைக்க முடியாது. அதனால் விண்ணப்பத்திலேயே "முழு அறிக்கை, அது முடியாவிட்டால் அடிப்படைத் தகவல்" என்று எழுதிவிடுங்கள்.

முழு அறிக்கை கிடைக்காதவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. கைதுக்குக் காரணம் சொல்லி அதிகாரி சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலம் மாஜிஸ்ட்ரேட்டிடம் போயிருக்கும். வாரண்ட்டோடு கைது என்றால், கைது முடிந்த பிறகு அந்த வாரண்ட்டும் வாக்குமூலமும் சட்டப்படியே பொது ஆவணம். வாரண்ட் இல்லாத கைதிலும் அந்தத் தாள் கிளார்க்கின் ஃபைலில் பல சமயம் கிடக்கும். நடந்தது என்ன என்பது அந்த ஒன்றிரண்டு பக்கத்தில் இருக்கும்.

ஜே.பி. கோர்ட் தாள்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் அழித்துவிட அனுமதி உண்டு. அழித்துவிட்டார்கள் என்றால் அதையே கடிதமாக எழுதி வாங்குங்கள்.

கிடைத்த தாளில் 'டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்' என்ற சொல் கண்ணில் பட்டால் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு நேரே குடியேற்ற வக்கீலிடம் போங்கள். டெக்சாஸ் சட்டத்தில் அது தண்டனை இல்லை. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கோர்ட் ஏதாவது கட்டுப்பாடு விதித்திருந்தால், 1996-இல் வந்த குடியேற்றச் சட்ட வரையறைப்படி அது தண்டனைதான். 'தள்ளுபடி' என்று கணவர் நினைத்துக்கொண்டிருப்பது இப்படி நன்னடத்தைக் காலம் முடித்து வந்த தள்ளுபடியாகவும் இருக்கலாம். அதனால்தான் வெறும் டிஸ்மிஸ் தாளை மட்டும் வாங்காமல் டாக்கெட் ஷீட்டையும் கேட்கச் சொன்னேன்.

இதே கேள்வியில் கடைசியாக ஒரு வரி, வீட்டை வாடகைக்கு விட ஒருவரைப் பற்றித் தேடுவதும் இப்படித்தானா என்று. தாளைத் தேடும் வழி அதேதான். கூடவே ஷெரிஃபின் ஃபேஸ்புக் பக்கம், ஊர் வாரப் பத்திரிகை, மாநிலச் சிறைத் துறையின் இலவசத் தேடல் எல்லாம் உதவும். ஆனால் கைது என்பது குற்றம் நிரூபணமானது அல்ல, ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். கம்பெனி மூலம் பின்னணி விசாரணை செய்தால் மத்தியச் சட்டம் குறுக்கே நிற்கும்: அவரிடம் முறைப்படி சொல்ல வேண்டும், தண்டனையில்லாத ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட கைதுகளை அந்தக் கம்பெனிகள் பொதுவாகத் தரவும் கூடாது. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் கேஸ்கள் பெரும்பாலும் ரகசியம். டெக்சாஸைத் தாண்டினால் விதிகளும் மாறும். வர்ஜீனியா தன் தகவல் சட்டத்தைத் தன் மாநில மக்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறது, அது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2013-இல் சொல்லிவிட்டது. அங்கே உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டிவரும்.

உங்கள் வக்கீலோ நண்பர்களோ 'எக்ஸ்பங்ஷன்' செய்துவிடலாம் என்று யோசனை சொல்லியிருப்பார்கள். தள்ளுபடியான கேஸின் பதிவை அழிக்கும் உத்தரவு அது, நல்ல விஷயம்தான். ஆனால் என்-400 படிவம் அழிக்கப்பட்ட, மூடப்பட்ட கைதுகளையும் சேர்த்தே கேட்கிறது. உத்தரவு வந்ததும் கிளார்க், ஷெரிஃப், டி.பி.எஸ். எல்லோரும் தங்களிடம் உள்ளதை அழித்துவிடுவார்கள். அதன் பிறகு அதிகாரி தாள் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆளே இருக்காது. ஆகவே சர்டிஃபைடு காப்பிகள் தபாலில் வந்து சேர்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் அந்த மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.